நின்ற இடத்தில் தேயும் இரும்பு

ஓடியோடித் தேய்ந்து போனான் என்று மனிதரைப் பற்றிச் சொல்வதுண்டு. மனிதர் விஷயத்தில் அது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் இயந்திரமொன்றின் வயிற்றைத் திறந்து பார்ப்போமாயின் அங்கே வேறொரு கதை எழுதப்பட்டிருக்கக் காண்போம். இரும்பு மிக விரைந்து ஓடிய இடம் பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். கண நேரம் நின்று, திரும்பிப் புறப்பட்ட இடமே தேய்ந்திருக்கும்.

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என ஊர்களைத் தொட்டுக்கொண்டு பொத்துவிலுக்கும் அதனையடுத்த அறுகம்பேக்கும் வருகின்ற வழியில் ஒரு நாள் காது கொடுத்துப் பயணம் செய்தால், இக்கதை எத்தனை குடும்பங்களின் கதை என்பது விளங்கும். வலப்புறம் வயல், அங்கே உழவு இயந்திரம். இடப்புறம் கடல், அங்கே பைபர் படகுகளின் பின்புறத்தில் தொங்கும் வெளியிணைப்பு இயந்திரம். ஊர்களுக்குள்ளே அரிசி ஆலைகள். அறுகம்பேயின் விடுதிகளின் பின்கட்டில் மின்பிறப்பாக்கிகள். இவற்றுள் எதனையும் ஒரு குடும்பம் கையிருப்புப் பணத்தால் எளிதில் வாங்கிவிடுவதில்லை. கடனோ, தவணையோ, அடகு வைத்த நகையோ அதன் பின்னால் நிற்கும். நகை மீளுமுன் இயந்திரம் படுத்துவிட்டால் அந்த வீட்டின் கணக்கு என்னவாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்த இயந்திரங்களின் ஆயுள், தலைமயிரின் பருமனிலும் பல மடங்கு மெல்லியதான ஓர் எண்ணெய்ப் படலத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. அப்படலத்தைப் பற்றியே இவ்வாரம் பேச எண்ணுகிறோம்.

சிலிண்டர் என்னும் உருளைக்குள் மேலும் கீழுமாய் ஓடுகின்ற பாகத்தைப் பாடநூல்கள் ஆடுதண்டு என்றும் முசலம் என்றும் கூறும். வேலைத்தலங்களில் அது பிஸ்டன். நாமும் அவ்வாறே அழைப்போம். இல்லாவிடின் மெக்கானிக்குகள் இப்பத்தியைப் படித்து நம்மைப் பார்த்துச் சிரிப்பர். பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரை இறுக அணைத்தபடி ஓடுவதில்லை. சூடேறினால் அது விரியும்; ஆதலால் சிறிது இடைவெளி விட்டே செய்யப்படுகிறது. அந்த இடைவெளியை அடைப்பன, பிஸ்டனின் கழுத்தில் வெட்டிய தவாளிப்புகளில் அமர்ந்திருக்கும் றிங்குகள். றிங் என்பது முழு வளையமன்று. ஓரிடத்தில் வெட்டுண்டு வாய் திறந்திருக்கும். வில்லைப் போல் விரிய முயன்று சுவரை நெருக்கிக்கொண்டே இருக்கும். சுவரும் பல டீசல் இயந்திரங்களில் தனியொரு குழாயாக வார்த்துச் செருகப்பட்டதாகும். அதற்கு லைனர் என்று பெயர். அது தேய்ந்தால் அதனை மட்டும் கழற்றிப் புதியதைச் செருகலாம். கனத்த இரும்புக் கட்டை முழுவதையும் வீச வேண்டுவதில்லை.

றிங்குக்கு மூன்று வேலைகள் உண்டு. எரியும் வாயுவைக் கீழே கசியவிடாமல் அடைத்து நிற்றல் ஒன்று. பிஸ்டனின் தலையில் ஏறும் வெப்பத்தைச் சுவருக்குக் கடத்துதல் மற்றொன்று. சுவரில் தெறிக்கும் எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புதல் மூன்றாவது. ஆயினும் முழுவதையும் வழித்துவிடலாகாது. மிஞ்ச விட்டால் எண்ணெய் மேலேறி எரிந்து புகையும். துடைத்து எடுத்துவிட்டால் இரும்பும் இரும்பும் உரசும். மாமி பார்த்திருக்கத் தாளிதத்துக்கு எண்ணெய் ஊற்றும் புது மருமகளின் நிலைதான் இந்த றிங்கின் நிலையும். கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம்.

மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் உழவு இயந்திரம் நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றுகிறது என்றும், அதன் பிஸ்டன் ஒரு முறை மேலிருந்து கீழே செல்லும் தூரம் 10 சென்ரிமீற்றர் என்றும் கொள்வோம். ஒரு சுற்றுக்கு 20 சென்ரிமீற்றர். ஆகவே நிமிடத்துக்கு 400 மீற்றர். மணிக்கு 24 கிலோமீற்றர். எட்டு மணி நேரம் வயலில் நின்று உழுதால் றிங் 192 கிலோமீற்றர் ஓடிவிடுகிறது. கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு ஒரு தடவை போய்த் திரும்புவதிலும் அது கூடுதலான தூரம். இவ்வளவும் கையகலக் குழாய் ஒன்றுக்குள்ளே! அந்த எட்டு மணி நேரத்தில் அது நின்று திரும்பிய தடவைகளோ 19 இலட்சத்து 20 ஆயிரம்.

இவ்வளவு ஓட்டத்தைத் தாங்கும் வளையத்தை மனிதன் எளிதில் கண்டுபிடித்துவிடவில்லை. பழைய நீராவி இயந்திரங்களில் பிஸ்டனைச் சுற்றிச் சணற்கயிற்றைச் சுற்றி, அதில் விலங்குக் கொழுப்பைப் பூசினார்கள். அக்காலத்துச் சிலிண்டர்கள் வட்டமாகவே இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜோன் வில்கின்சன் என்பார் 1770களில் புதிய துளைப்பொறி கொண்டு குடைந்து கொடுத்த சிலிண்டரில், பழைய ஷில்லிங் நாணயம் ஒன்றின் கனத்தளவு கூடப் பிழையில்லை என்று ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி போல்ட்டன் வியந்து எழுதினார். இன்று கல்முனையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் எவரும் அந்தப் பிழையைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். கயிற்றை ஒழித்து, வெட்டு வாயுள்ள உலோக வளையத்தைப் பிஸ்டனில் பொருத்தியவர் ஆங்கில ரயில் எஞ்சின் பொறியியலாளரான ஜோன் ராம்ஸ்பொட்டம். 1850களின் தொடக்கத்தில் அவர் செய்ததன் வழித்தோன்றலே இன்று படகிலும் வயலிலும் ஓடுவது. வளையம் தன் வில்விசையால் மட்டும் சுவரை நெருக்குவதில்லை. எரியும் வாயுவே றிங்கின் முதுகுப்புறம் புகுந்து அதனைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது. அமுக்கம் ஏற ஏற அடைப்பும் இறுகுகிறது. தன்னைத் தப்பவிடாமல் தடுக்கும் கதவைத் தானே சாத்திக்கொள்ளும் வாயு!

வளையம் கிடைத்தது. ஆனால் எண்ணெய் எவ்வாறு இரும்பைக் காக்கிறது என்பது அதற்குப் பின்னரும் முப்பது ஆண்டுகள் எவருக்கும் விளங்கவில்லை. வழுவழுப்பான பொருள், ஆகையால் வழுக்குகிறது என்று சொல்லி விட்டிருந்தார்கள். 1883ஆம் ஆண்டு இங்கிலாந்தில் போஷம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றதும் அத்துளையின் வழியே எண்ணெய் உள்ளே போகவில்லை. மாறாக வெளியே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார். தக்கை தள்ளுண்டது. மரமுளையை அறைந்தார். அதுவும் மெல்ல மெல்ல வெளியே வந்துவிட்டது. பின்னர் அமுக்கமானி வைத்து அளந்தபோது, தாங்கியின் மேல் ஏற்றிய சுமையால் வரத்தக்க சராசரி அமுக்கத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலான அமுக்கம் அந்த எண்ணெயில் இருக்கக் கண்டார். அச்சின் மேலிருந்த சுமை முழுவதையும் எண்ணெய் தாங்கிக்கொண்டிருந்தது! இரும்பு இரும்பைத் தொடவே இல்லை. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு ஒஸ்போர்ன் ரெயினோல்ட்ஸ் 1886இல் கணிதம் எழுதினார். இன்றுவரை அந்தச் சமன்பாடே பொறியியல் மாணவர்களின் தூக்கத்தைக் கெடுத்து வருகிறது.

ரெயினோல்ட்ஸின் சமன்பாட்டைப் படியாதவரும் அதன் பொருளை அறுகம்பேக் கரையில் நின்று கண்ணாலேயே காணலாம். சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரையில் பல தேசத்தாரும் நம் ஊர் இளைஞரும் அங்கே பலகையில் ஏறி அலைச்சறுக்கு விளையாடுவதை வாசகர்கள் அறிவார்கள். அந்தச் சிறு பலகையின் மீது ஒருவர் அசையாத நீரில் எழுந்து நின்றால் அது அவரைத் தாங்காது, அமிழ்ந்துவிடும். அதே பலகை அலையின் சரிவில் விரைந்து ஓடுகையில், அவர் நிமிர்ந்து நிற்கிறார். பலகை நீரின் மேல் மிதந்து செல்கிறது. காரணம் யாது? பலகையின் முன்நுனி சற்றே உயர்ந்திருக்கிறது. நீர் ஆப்புப் போல் அதன் அடியில் புகுந்து, பின்னே போகப் போக நெருக்குண்டு, பலகையை மேலே தூக்குகிறது. வேகம் உள்ளவரை ஆப்பு உண்டு. வேகம் தளர்ந்ததும் ஆப்பு தளரும், ஆள் தண்ணீருக்குள்!

றிங்கும் ஒரு சறுக்குப் பலகையே. சுவரைத் தொடும் அதன் முகம் கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றினாலும், பல றிங்குகளில் அது பீப்பாயின் வயிறு போல மிகச் சிறிதளவு புடைத்திருக்கும். மேலே போனாலும் கீழே வந்தாலும் எண்ணெய் ஆப்பாக நுழைய வேண்டும் என்பதற்காகவே அந்தப் புடைப்பு. பிஸ்டன் நடுவழியில் விரைந்து செல்லும்போது றிங்குக்கும் சுவருக்கும் இடையே சில மைக்கிரோமீற்றர் கனத்தில் எண்ணெய் நிற்கும். ஒரு மைக்கிரோமீற்றர் மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு கூறு. நமது தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்கிரோமீற்றர் பருமனுடையது. அந்தச் சில மைக்கிரோமீற்றர் போதும். இரும்பு தேய்வதில்லை.

இனி முனைக்கு வருவோம். படலத்தின் கனத்தை மூன்று காரியங்கள் தீர்மானிக்கின்றன. வேகம் கூடினால் படலம் தடிக்கும். எண்ணெய் பிசுபிசுப்பாக இருந்தால் தடிக்கும். சுமை ஏறினால் மெலியும். ஜெர்மானியரான ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902இல் வெளியிட்ட உராய்வு வளைகோடுகள் இம்மூன்றின் உறவையே காட்டின. பிஸ்டன் மேல் முனையை அடைந்து திரும்பும் கணத்தை எண்ணிப் பாருங்கள். வேகம் பூச்சியம். அதே வேளையில்தான் மேலே டீசல் பற்றி எரிகிறது. வாயுவின் அமுக்கம் காற்றமுக்கத்தின் அறுபது, எழுபது மடங்கையும் தாண்டி, றிங்கைச் சுவரோடு அறைகிறது. அங்கே சுவரின் சூடு 150 பாகை சென்ரிகிரேட்டுக்கு மேல். எண்ணெய் தண்ணீர் போல் இளகிவிடும். மூன்று காரியங்களும் ஒரே கணத்தில், ஒரே இடத்தில், பகையாகிவிடுகின்றன. படலம் ஒரு மைக்கிரோமீற்றருக்கும் கீழே மெலிகிறது. எண்ணெயை முற்றாக நெருக்கி வெளியேற்றச் சற்று அவகாசம் வேண்டும். அதற்குள் பிஸ்டன் திரும்பிவிடுகிறது. அந்த அவகாசமும், எண்ணெயில் கலந்திருக்கும் மருந்துகளுமே இரும்பைக் காக்கின்றன. துத்தநாகம், பொசுபரசு, கந்தகம் சேர்ந்த ஒரு சேர்வை 1940கள் முதல் எண்ணெயில் கலக்கப்பட்டு வருகிறது. சூடும் உரசலும் மிகுந்த இடத்திலே அது சிதைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய தோலை உண்டாக்குகிறது. அத்தோல் தேயும், மீண்டும் உண்டாகும். மருந்து தீர்ந்த பிறகு உண்டாகாது. கறுத்த எண்ணெயை வெயிலில் பிடித்துப் பார்த்து, ‘இன்னும் பிசுக்கு இருக்கிறதே, எதற்கு மாற்ற வேண்டும்?’ என்பவர்கள் இதை நினைவிற் கொள்வது நன்று. பிசுக்கு இருக்கும், மருந்து இராது.

கல்முனைப் பக்கத்து வேலைத்தலமொன்றில் உழவு இயந்திரத்திலிருந்து கழற்றிய லைனர் ஒன்றை நாம் பார்த்துக்கொண்டிருந்தபோது, உரிமையாளரான இளைஞர், “நல்லாத்தானே ஓடின மெசின், காக்கா. ஓடி ஓடியே தேஞ்சி போச்சா?” என்று கேட்டார். மூத்த மெக்கானிக் அவருடைய கையைப் பிடித்து, சுட்டுவிரலின் நகத்தை லைனரின் உள்ளே வைத்து மேல்நோக்கி இழுக்கச் சொன்னார். நகம் வழுக்கிக்கொண்டே சென்று, உச்சிக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் தடக்கென்று தடுக்கியது. “அந்த வரம்புக்கு மேல றிங் போகல்ல, அதனால அது புதுசு. வரம்புக்குக் கீழதான் றிங் வந்து நிண்டு திரும்பினது. ஓடக்குள்ள தேயல்ல தம்பி, நிக்கக்குள்ளதான் தேஞ்சிருக்கு” என்றார் அவர். ஸ்ட்ரிபெக்கின் வளைகோட்டை இதைவிடச் சுருக்கமாக விளக்கியவரை நாம் சந்தித்ததில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். படலம் மெலிவதுதான் தொல்லை எனில் கட்டியான எண்ணெயை ஊற்றிவிடலாமே? பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கட்டி எண்ணெய் நடுவழியில் தானே ஒரு தடையாகிவிடும். சேற்றில் நடப்பது போல றிங் அதனை இழுத்துக்கொண்டு போக வேண்டும். பொதுவாகக் கூறும் கணக்கின்படி, எரிபொருளின் சக்தியில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு இயந்திரத்தின் உள்ளுராய்வுக்கே செலவாகிறது. அதிலும் பாதியளவு பிஸ்டனும் றிங்கும் சுவரும் சேர்ந்து விழுங்குவது. கட்டி எண்ணெய் அந்தப் பங்கைக் கூட்டும். மேலும், காலையில் குளிர்ந்திருக்கும் இயந்திரத்தில் அது மெதுவாகவே மேலேறும். இரவு முழுவதும் சுவரிலிருந்து வடிந்துபோன எண்ணெய் திரும்பி வருவதற்கு முன் றிங் வறண்ட சுவரில் ஓடும். உற்பத்தியாளர் குறித்த தரத்தை விட்டு விலகாதிருப்பதே நமது எளிய அபிப்பிராயம். கிளப்பிய உடனே முறுக்கிப் பாரம் ஏற்றாமல் ஒரிரு நிமிடம் பொறுத்தால் இரும்பு நன்றி சொல்லும்.

சுவர் எவ்வளவு வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு வியப்பு உண்டு. கண்ணாடி போல் மின்னும் சுவர் நல்ல சுவரன்று. புதிய லைனரின் உட்புறத்தைச் சாய்த்துப் பார்த்தால், பாய் முடைந்தது போல் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் தெரியும். அவை வேண்டுமென்றே கீறப்பட்டவை. கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்கள் சேனநாயக்க சமுத்திரத்து நீரை வயல்தோறும் கொண்டுசென்று நிறுத்துவது போல, அந்தக் கீறல்கள் எண்ணெயைச் சுவரெங்கும் பிடித்துவைக்கின்றன. மேட்டுப் பகுதி மட்டமாகவும், வாய்க்கால் ஆழமாகவும் இருப்பதே சிறந்த வேலைப்பாடு. வார்ப்பிரும்பை லைனருக்குத் தேர்ந்ததற்கும் இத்தகைய காரணமே: அதனுள் இயல்பாகவே பென்சிற்கரி இதழ்கள் பரந்திருக்கின்றன, அவை எண்ணெயையும் உறிஞ்சி வைக்கும், தாமும் வழுக்கும்.

பாரமே இல்லாமல் நீண்ட நேரம் ஓடும் டீசல் இயந்திரத்தில் இந்த வாய்க்கால்கள் தூர்ந்துபோகின்றன. அமுக்கம் போதாமையால் றிங் சுவரில் சரியாகப் படிவதில்லை. அரைகுறையாக எரிந்த எண்ணெய் அரக்குப் போல் கீறல்களை நிரப்பிச் சுவரை மெழுகிவிடுகிறது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோது எங்கும் மின்பிறப்பாக்கிகள் இரவு பகலாக ஓடின. பெரிய இயந்திரம் ஒன்றை வைத்து இரண்டு விளக்கையும் ஒரு விசிறியையும் மட்டும் ஓட்டுவது அதற்கு ஓய்வு கொடுப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வேலையில்லாமையாலேயே நோயுறும்.

வயலுக்குத் தூசியே பகை. ஒரு தொன் நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமி. உமியை எரித்தால் ஐந்திலொரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. அதாவது, ஒரு தொன் நெல்லின் தோலிலே 35 கிலோவுக்குக் குறையாத சிலிக்காவை இயற்கை பொதிந்து வைத்திருக்கிறது. சூடடிக்கும் களத்திலும் ஆலையிலும் பறக்கும் உமித் தூசி காற்றோடு சிலிண்டருக்குள் போனால் உமி எரியும், சிலிக்கா எரியாது. வயல் மண்ணின் தூசியிலுள்ள படிகக்கல் துகளோ அதனிலும் கடினமானது. படலத்தின் கனம் சில மைக்கிரோமீற்றரே என்று கண்டோம். பத்து மைக்கிரோமீற்றர் துகள் ஒன்று அதற்குள் வந்து சேர்ந்தால் என்னவாகும்? பாயின் கீழ் அகப்பட்ட பருக்கைக்கல் போல அது இரு பக்கத்தையும் கீறும். முனை, நடு என்ற வேறுபாடு அதற்கில்லை. காற்று வடிகட்டியைக் கழுவாமல் ஒரு பெரும்போகத்தை ஒப்பேற்றுகிறவர், சிறுபோகத்தில் லைனருக்குப் பணம் தேட நேரும். பல உழவு இயந்திரங்களில் வடிகட்டியின் அடிக்கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி வைக்க வேண்டும்; தூசி அதிலே படியும். அக்கிண்ணம் சேறாகிக் கிடப்பதை நாம் காணாத ஊரில்லை.

கடலுக்கு வருவோம். 1950களின் பிற்பகுதியில் இலங்கையில் மீன்பிடிப் படகுகளுக்கு இயந்திரம் பூட்டும் முயற்சி அரசாங்க ஆதரவோடு பரவத் தொடங்கியது. இன்று அறுகம்பே மணலில் இழுத்து வைக்கப்பட்டிருக்கும் சிறு படகுகளில் காணப்படுவன வெளியிணைப்பு இயந்திரங்கள். அவற்றுள் மண்ணெண்ணெயில் ஓடும் ஈரடிப்பு இயந்திரங்கள் பல. ஈரடிப்பு இயந்திரத்தில் எண்ணெய்த் தொட்டி என்று தனியாக ஒன்று அடியில் இல்லை. எரிபொருளோடு எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்பது கணக்கானால் 25 லீற்றருக்கு அரை லீற்றர். சில இயந்திரங்களுக்கு அதைப் போல் இரு மடங்கு வேண்டும். அந்த எண்ணெய் ஒரு முறை சுவரைத் தடவிவிட்டு எரிந்து போய்விடும். ஏழைப் படகின் ஏற்பாடு என்று இதை இகழ வேண்டாம். மாபெரும் சரக்குக் கப்பல்களின் ஈரடிப்பு டீசல் இயந்திரங்களும் லைனருக்கு இதே வழியைப் பின்பற்றுகின்றன. 960 மில்லிமீற்றர் விட்டமும் 2,500 மில்லிமீற்றர் ஓட்டமும் உள்ள சிலிண்டர்களைக் கொண்ட கப்பல் இயந்திரம் உண்டு. ஓர் ஆள் உள்ளே நிற்கலாம். அதன் சுவருக்கும் தனி எண்ணெய் சிறிது சிறிதாகப் பீச்சப்பட்டு, வேலை முடிந்ததும் கழிந்து போகிறது.

கப்பலில் அதனை அளந்து பீச்சக் கருவி உண்டு. படகில் அளப்பது மீனவரின் கை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. அத்தகைய நாட்களில் எதிலே மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அரை லீற்றர் எண்ணெயைக் கால் லீற்றராக்கினால் அன்றைக்கு மிச்சம். ஆனால் அந்தக் கால் லீற்றர் றிங்கின் பங்கிலிருந்து எடுத்தது. வேறு சிலர், இயந்திரத்துக்கு நன்மை செய்வதாக எண்ணி, எண்ணெயை அள்ளி ஊற்றுவர். அதுவும் தீங்கே: எரியாத எண்ணெய் கரியாகித் தவாளிப்பில் இறுகும், றிங் அதிலே ஒட்டிக்கொள்ளும், விரிய முடியாத றிங் அடைக்கவும் மாட்டாது, வெப்பத்தைக் கடத்தவும் மாட்டாது.

மற்றொரு சிக்கனமும் உண்டு. மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெற்றோலுக்கு வர வேண்டும். குளிர்ந்த சிலிண்டரில் மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாவதில்லை. திரவமாகவே சுவரில் வழிந்து, அங்கே இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். பெற்றோல் விலைக்கு அஞ்சி இம்முறையை விட்டவர், ஒவ்வொரு வைகறையிலும் றிங்கை வெறும் சுவரில் ஓட விடுகிறார். கரைக்கு வந்தபின் நல்ல தண்ணீர் விட்டு இயந்திரத்தின் குளிர்நீர் வழிகளைக் கழுவாவிடில் உப்புப் படிந்து, குளிர்ச்சி குறைந்து, சுவர் அளவுக்கு மீறிச் சூடேறும். இவையெல்லாம் ஒன்றுசேரும் நாளில் பிஸ்டன் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். அது கரையில் நிற்பதில்லை. பாரம் ஏற்றி விரையும் வேளையில், கடலிலேதான் நிற்கும். கையில் துடுப்பு, எதிரே காற்று. வீட்டிலே உம்மாவும் பிள்ளைகளும் வாசலில் நிற்பார்கள்.

நோயை முன்னறிய வழியில்லையா எனில், உண்டு. நாலடிப்பு இயந்திரம் நீலப் புகை விட்டால் எண்ணெய் எரிகிறது என்று கொள்ளலாம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து ஓடவிடும்போது அங்கிருந்து புகை அடித்து அடித்து வந்தால் வாயு றிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அமுக்கம் குறைந்திருக்கிறது, ஆனால் குற்றம் றிங்கிலா வால்விலா என்று தெரியவில்லை. அப்போது மெக்கானிக்குகள் சிலிண்டருக்குள் சிறு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். அமுக்கம் ஏறினால் குற்றம் றிங்கில்; எண்ணெய் சற்று நேரம் இடைவெளியை அடைத்துக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஏறாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும்.

லைனரின் தேய்வை அளக்க நுண்ணளவுக் கருவி இல்லாத இடத்திலும் ஒரு வழி உண்டு. ஒன்பதாம் வகுப்புக் கணிதம் போதும். றிங் ஒன்றை எடுத்து லைனரின் அடிப்பக்கத்தில், பிஸ்டனின் தலையால் தள்ளிச் சமமாக இருத்தி, அதன் வாய் இடைவெளியைத் தகட்டளவி கொண்டு அளக்க வேண்டும். அங்கே சுவர் தேய்வதில்லை. புதிய றிங்குக்கு விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் மூன்று நான்கு அங்குலம் என்று இடைவெளி வைப்பது பழைய வழக்கம். அதனிலும் இறுகினால் சூட்டில் வாய் முட்டி றிங் உடையும். பின் அதே றிங்கை மேலே, நகம் தடுக்கிய வரம்புக்குச் சற்றுக் கீழே இருத்தி மறுபடி அளக்க வேண்டும். கீழே 0.40 மில்லிமீற்றர், மேலே 0.72 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 0.32. இது சுற்றளவின் வேறுபாடு, 3.14ஆல் வகுத்தால் விட்டத்தின் வேறுபாடு ஏறத்தாழ 0.10 மில்லிமீற்றர் என்று வரும். றிங் நின்று திரும்பிய இடத்தில் இரும்பு அவ்வளவு போயிருக்கிறது.